ஆற்றல் மாற்றமும் என்ட்ரோபியும்: புதிதாகக் கணக்குப் போடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் அடிப்படைக் கல்வி ஆண்டில், பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாக, முப்பது வயதைத் தாண்டிய பிறகு நான் சேர்ந்தேன். வேதியியலின் மற்ற பகுதிகள் எப்படியோ ஓடின. வெப்ப இயக்கவியல் வந்ததும் கால் தடுக்கியது. முதல் சோதனையில், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் வினைக்குக் கட்டிலா ஆற்றல் மாற்றம் (வினை தானாக நடக்குமா என்று காட்டும் எண்) 59,120 கிலோஜூல் என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தேன். சரியான விடை ஏறத்தாழ −33 கிலோஜூல். குறியும் தப்பு, அளவும் தப்பு, ஆனால் நான் எழுதிய சூத்திரம் மட்டும் சரி. அந்தத் தாளை ஒரு வாரம் கழித்து நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், நான் தடுமாறியது முழுக்க முழுக்கக் கணக்கு எழுதும் முறையில் என்று தெரிந்தது. எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து ஆறாம் படிவத்திற்கோ மெட்ரிகுலேஷனுக்கோ அடிப்படைக் கல்விக்கோ போகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக, நான் பின்பற்றி மீண்டு வந்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தேவைப்படும் ஆவணங்கள் மூன்றே. முதலாவது, 25 பாகை செல்சியஸில் பொருள்களின் உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்), திட்ட என்ட்ரோபி (ஐந்தாவது படியில் விளக்குகிறேன்), உருவாதல் கட்டிலா ஆற்றல் ஆகியவற்றைத் தரும் ஒரு தரவு அட்டவணை. உங்கள் பாடநூலின் பின்னிணைப்பே போதும். அதில் இல்லாத பொருள்களுக்கு அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் வேதியியல் தரவுத்தளத்தைப் பார்க்கலாம். நூலைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் உட்கார்ந்து அட்டவணையைக் கையால் எழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன், எழுதும்போதே பாதி எண்கள் மனத்தில் தங்கிவிட்டன. இரண்டாவது, தாள் கிழிக்க முடியாதபடி தைத்த ஒரு குறிப்பேடு. மூன்றாவது, ஒரு பக்கத்தில் அடங்கும் சொற்பட்டியல்.

சொற்பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, கல்லூரியில் ஆங்கிலத்திற்குப் போகிற நமக்கு, ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் தலைக்குள் முட்டிக்கொள்கின்றன. வெப்பம் என்பது மலாயில் ஹாபா, வெப்பநிலை என்பது ஸுஹு. வீட்டுப் பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்று சொல்லிப் பழகியவர்கள், வினாத்தாளிலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒரு கோப்பைத் தேநீரின் வெப்பநிலை குளத்து நீரைவிட அதிகம். ஆனால் குளத்தை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தோடு கோப்பையை ஒப்பிடவே முடியாது. ஆற்றலுக்கு மலாயில் தெனாகா. மாதாமாதம் மின்கட்டண ரசீதில் பார்க்கும் அதே சொல்தான். அந்த ரசீதின் ஒரு கிலோவாட் மணி 3,600 கிலோஜூலுக்குச் சமம் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதி வைத்தால், கிலோஜூல் என்பது எவ்வளவு பெரிது என்ற உணர்வு வந்துவிடும்.

இங்கே உள்ள பொறி: ஒரே கணக்கிற்கு இரண்டு அட்டவணைகளிலிருந்து எண்களை எடுக்காதீர்கள். கால்சியம் கார்பனேட்டின் என்ட்ரோபியை ஓர் அட்டவணை 92.9 என்றும் இன்னொன்று 91.7 என்றும் தரும். இரண்டில் எதை எடுத்தாலும் குற்றமில்லை, கலந்தால்தான் வம்பு.

2. யாருடைய கணக்கு என்று முதலில் எழுதுங்கள்

நீங்கள் ஆராயும் வினை நடக்கும் பகுதிக்கு அமைப்பு என்று பெயர். மீதி உலகம் முழுவதும் சூழல். எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதல் வரியில் ‘அமைப்பு இது’ என்று எழுதிவிடுங்கள். அமைப்பு வெப்பத்தை வெளியே கொடுத்தால் அதன் என்தால்பி குறைகிறது, ஆகவே குறி எதிர்மறை. அது வெப்ப உமிழ் வினை. வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் நேர்மறை. அது வெப்பக் கொள் வினை. வெப்பமானி பெரும்பாலும் சூழலில், அதாவது நீரில் இருப்பதால், நீரின் வெப்பநிலை ஏறினால் வினையின் குறி இறங்கும். இந்தத் தலைகீழ் உறவை மறந்தவர்களே வகுப்பில் பெரும்பான்மை. சீட்டுப் பிடிப்பவர் கையில் பணம் ஏறினால் உங்கள் பையில் இறங்குகிறது என்பதைப் போலத்தான் இதுவும், ஒரே பணம், இரண்டு கணக்கு.

3. ஒரு தடவையாவது கையால் அளந்து பாருங்கள்

இந்தப் பாடத்தைக் காகிதத்திலேயே முடித்துவிடலாம் என்பது நான் செய்த இரண்டாவது தவறு. யூரியா உரத்தை நீரில் கரைக்கும் எளிய சோதனை ஒன்று போதும். எஸ்டேட்டில் உரம் போட்ட என் அத்தை, ஈரக்கையோடு யூரியாவை அள்ளினால் விரல் சில்லிடும் என்று சொன்னதை நான் சிறுவயதில் நம்பவில்லை. அவர் சொன்னது வெப்பக் கொள் கரைதல்.

எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 60 ரிங்கிட்: 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு 30, முனை உள்ள மின்னணு வெப்பமானி 20, சுங்கை பூலோ நாற்றுக்கடையில் ஒரு பொட்டலம் யூரியா 5, கையுறையும் மற்றவையும் மீதிக்கு. நூல்கள் பொலிஸ்டரீன் கோப்பையைப் பயன்படுத்தச் சொல்லும். கோலாலம்பூரில் 2017-ஆம் ஆண்டில் உணவுக்கடைகளின் பொலிஸ்டரீன் பொட்டலங்களுக்குத் தடை வந்த பிறகு அந்தக் கோப்பை எளிதில் அகப்படுவதில்லை. அலையாதீர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு காகிதக் கோப்பைகளை வைத்து, சுற்றிலும் ஒரு துவாலையைச் சுருட்டினால் வேலை நடக்கும்.

100 மில்லிலிட்டர் நீரை முதல் நாள் இரவே எடுத்து அறையில் வைத்துவிடுங்கள். குழாயிலிருந்து நேரே பிடித்த நீர் அறையின் வெப்பநிலையில் இருக்காது. 12.0 கிராம் யூரியாவை உரலில் இடித்துத் தூளாக்கி நிறுத்துக்கொள்ளுங்கள். யூரியாவின் மோலார் நிறை 60 என்பதால் இது 0.2 மோல். குறிப்பேட்டில் 30 வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலையை எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்று நிமிடம் நீர் மட்டும், நான்காவது நிமிடத்தில் யூரியாவை ஒரே வீச்சில் கொட்டி விடாமல் கலக்குதல், பிறகு பத்தாவது நிமிடம் வரை அளவெடுத்தல்.

என் குறிப்பேட்டில் நீர் 28.5 பாகையில் நின்றது. கொட்டியதும் எண் மடமடவென்று இறங்கி, ஐந்தாவது நிமிடத்தில் 22.6-ஐத் தொட்டு, அதன்பின் ஆமை வேகத்தில் ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றம் வினையால் வருவதன்று. நம் ஊர் வெக்கை கோப்பைக்குள் கசிந்து புகுகிறது. 22.6-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் அந்தக் கசிவும் விடைக்குள் சேர்ந்துவிடும். ஆகவே வரைபடத்தில், ஏறும் பகுதியின் நேர்கோட்டை நான்காவது நிமிடம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். எனக்கு அது 22.4-இல் வெட்டியது. இறக்கம் 6.1 பாகை.

இனிக் கணக்கு. கரைசலின் நிறை 112 கிராம், நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிராமுக்கு ஒரு பாகைக்கு 4.18 ஜூல், 112 × 4.18 × 6.1 = 2,856 ஜூல். அதை 0.2 மோலால் வகுத்தால் ஒரு மோலுக்கு +14.3 கிலோஜூல். நூல்களில் காணும் மதிப்பு 15-ஐ ஒட்டியது. சமையலறை மேசைக்கு இது மோசமில்லை.

பொறிகள் இங்கே அதிகம். நிறையாக 100 எடுப்பதா 112 எடுப்பதா என்பதில் ஆசிரியர்கள் வேறுபடுவார்கள். உங்கள் ஆசிரியர் கேட்பதை எடுத்து, எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். நிறமூட்டிய கலப்பு உரம் யூரியா ஆகாது, பொட்டலத்தில் யூரியா என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், எனவே மூடிய டப்பாவில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெப்ப உமிழ் வினையைப் பார்க்கும் ஆசையில் அடைப்பு நீக்கும் சோடியம் ஹைட்ராக்சைடையோ சுட்ட சுண்ணாம்பையோ வீட்டில் நீரில் போடாதீர்கள்; கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். அதற்கு ஆய்வகமும் பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கின்றன.

4. அட்டவணையிலிருந்து என்தால்பி மாற்றத்தை எடுங்கள்

இது எளிது, விரைந்து கடக்கலாம். விளைபொருள்களின் உருவாதல் என்தால்பிகளைக் கூட்டி, வினைபடுபொருள்களுடையதைக் கழியுங்கள்; ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் உள்ள எண்ணால் பெருக்க மறக்காதீர்கள். பாதை எதுவானாலும் மொத்த மாற்றம் ஒன்றே என்ற ஹெஸ் விதி இதற்கு அனுமதி தருகிறது. ஒரே எச்சரிக்கை பொருளின் நிலைமை குறித்தது: மீத்தேன் எரிந்து திரவ நீர் வந்தால் −890 கிலோஜூல், நீராவி வந்தால் −802. அட்டவணையில் நீருக்கு இரண்டு வரிகள் இருக்கும்; தவறான வரியில் விரல் வைத்தால் 88 கிலோஜூல் காணாமல் போகும்.

5. என்ட்ரோபியை நாணயங்களில் தொடங்குங்கள்

யூரியா சோதனை முடிந்ததும் ஒரு கேள்வி உறுத்த வேண்டும். வெப்பத்தைக் கொடுத்துக் கீழிறங்குவதுதான் இயற்கை என்றால், வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலேறும் இந்தக் கரைதல் யாரும் தள்ளாமலே ஏன் நடக்கிறது? இதற்கு விடை சொல்லத்தான் என்ட்ரோபி தேவைப்படுகிறது.

‘என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை’ என்ற வாய்பாட்டை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது எனக்கு ஒரு கணக்கிலும் உதவவில்லை. பத்து 10 சென் நாணயங்களை எடுத்துக் குலுக்கிப் போடுங்கள். பத்தும் எண் தெரிய விழுவதற்கு ஒரே வழி; ஐந்து எண் தெரிந்தும் ஐந்து கவிழ்ந்தும் விழுவதற்கு 252 வழிகள்; மொத்தம் 1,024. நாணயங்களுக்கு எந்த விருப்பமும் இல்லை, வழிகள் அதிகமுள்ள பக்கம் அவை போய் நிற்கின்றன. மூலக்கூறுகளும் ஆற்றலும் பரவி நிற்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை அளப்பதே என்ட்ரோபி. படிகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த யூரியா மூலக்கூறுகள் நீர் முழுவதும் பரவும்போது வழிகள் பெருகுகின்றன. ஒரு மோல் திரவ நீருக்கு 69.9, நீராவிக்கு 188.8 என்று அட்டவணை சொல்வதும் இதைத்தான். வாயுவுக்கு இடம் அதிகம், வழிகளும் அதிகம்.

கணக்கு எழுதும் முறை என்தால்பியைப் போன்றதே: விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடுபொருள்களுடையதைக் கழிக்க வேண்டும். ஆனால் இரண்டு வேறுபாடுகளைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். திட்ட நிலையில் தனிமங்களின் உருவாதல் என்தால்பி சுழியம். தனிமங்களின் என்ட்ரோபி சுழியம் ஆகாது. நைட்ரஜனுக்கு 191.6, ஹைட்ரஜனுக்கு 130.7. குறையற்ற படிகம் 0 கெல்வினில் இருந்தால்தான் என்ட்ரோபி சுழியம், நம் ஆய்வகம் அங்கே இல்லை. அடுத்தது அலகு: என்தால்பி கிலோஜூலில், என்ட்ரோபி ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்று (இனிச் சுருக்கமாக ஜூல் என்றே எழுதுகிறேன்). என்னுடைய 59,120 பிறந்தது இந்த இடத்தில்தான்.

6. சூழலின் கணக்கையும் சேருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்பதை அமைப்பின் என்ட்ரோபி மட்டும் தீர்மானிப்பதில்லை. அமைப்பும் சூழலும் சேர்ந்த மொத்த என்ட்ரோபி கூட வேண்டும். சூழலின் பங்கைக் கண்டுபிடிப்பது சுலபம்: அது வாங்கிய வெப்பத்தை அதன் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் போதும்.

ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் 18 கிராம் பனிக்கட்டி, அதாவது ஒரு மோல், உருகுவதாக வைத்துக்கொள்வோம். உருக 6,010 ஜூல் வேண்டும். அது உருகுவது 273 கெல்வினில் என்பதால் பனிக்கட்டியின் என்ட்ரோபி 6,010 ÷ 273 = 22.0 ஜூல் கூடுகிறது. கடை வாசலில் 30 பாகை, அதாவது 303 கெல்வின்; அந்த 6,010 ஜூலை இழந்த காற்றின் என்ட்ரோபி 6,010 ÷ 303 = 19.8 குறைகிறது. மொத்தம் +2.2. உருகும். அதே கட்டி −18 பாகையில் உறைபெட்டிக்குள் இருந்தால், சூழல் 255 கெல்வின்; இழப்பு 6,010 ÷ 255 = 23.6. மொத்தம் −1.6. உருகாது. பனிக்கட்டியின் இலாபம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. குளிர்ந்த இடத்தில் வெப்பத்தின் விலை கூடுவதால் முதலுக்கே மோசமாகிறது.

இந்தக் கணக்கை ஒரு தடவை முழுதாகப் போட்டவர்களுக்குக் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் தனிப்பாடமாகத் தோன்றாது. மாறா வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், மொத்த என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கிக் குறியை மாற்றினால் வருவது அதுதான்:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (கெல்வின் வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

எதிர்மறையாக வந்தால் மாற்றம் தானாக நடக்கும் பக்கம் அது, சுழியமானால் சமநிலை. கடை வாசல் பனிக்கட்டிக்கு 6.01 − 303 × 0.0220 = −0.66 கிலோஜூல். மேலே வந்த +2.2-ஐ 303-ஆல் பெருக்கிக் குறியை மாற்றினாலும், எண்களை முழுமையாக்கிய வேறுபாட்டைத் தவிர, இதே விடைதான் கிடைக்கும்.

7. அம்மோனியா கணக்கை முழுதாகப் போடுங்கள், பிறகு பத்துமலைக்கு வாருங்கள்

ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு அம்மோனியா. என்தால்பி மாற்றம் 2 × (−46.1) = −92.2 கிலோஜூல். என்ட்ரோபி மாற்றம் 2 × 192.5 − 191.6 − 3 × 130.7 = −198.7 ஜூல். இதை உடனே 1,000-ஆல் வகுத்து −0.1987 கிலோஜூல் என்று அடுத்த வரியில் எழுதுங்கள், மனத்துக்குள் வகுக்காதீர்கள். −92.2 − 298 × (−0.1987) = −92.2 + 59.2 = −33.0 கிலோஜூல். கணிப்பானில் எதிர்மறை எண்ணுக்கு அடைப்புக்குறி போடுவதும் அவசியம்.

வெப்பநிலை ஏற ஏற இரண்டாம் உறுப்பு வளரும். 92,200-ஐ 198.7-ஆல் வகுத்தால் 464 கெல்வின், அதாவது 191 பாகை செல்சியஸ். திட்ட நிலையில் (வாயு ஒவ்வொன்றும் ஒரு பார் அழுத்தத்தில் இருக்கும்போது) அதற்கு மேல் குறி நேர்மறையாகிவிடும். ஆயினும் ஆலைகள் இரும்பு வினையூக்கியோடு 400 முதல் 500 பாகை வரை ஓடுகின்றன, ஏனெனில் குளிர்ந்தால் வேகம் போதாது. வெப்பத்தால் இழந்ததை உயர் அழுத்தத்தால் ஓரளவு மீட்கிறார்கள். நீங்கள் கோப்பையில் கரைத்த யூரியா இந்த அம்மோனியாவிலிருந்து வந்ததுதான்.

எதிர்த்திசை எடுத்துக்காட்டுக்குப் பத்துமலை வாய்ப்பானது, ஏனெனில் அந்தக் குன்று முழுவதும் சுண்ணாம்புக்கல். கால்சியம் கார்பனேட் சிதைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டையாக்சைடும் ஆவதற்கு என்தால்பி மாற்றம் +178.3 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் +160.5 ஜூல். 298 கெல்வினில் கட்டிலா ஆற்றல் மாற்றம் +130.5 கிலோஜூல், படியேறும் பக்தர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 178,300 ÷ 160.5 என்பது ஏறத்தாழ 1,110 கெல்வின், அதாவது 840 பாகை செல்சியஸை ஒட்டிய அளவு. காளவாய்க்கு அவ்வளவு தீ ஏன் தேவை என்பது இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது.

உங்கள் கை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீரின் கொதிநிலையைக் கண்டுபிடியுங்கள். ஆவியாதல் என்தால்பி 25 பாகையில் 44.0 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் 188.8 − 69.9 = 118.9 ஜூல். வகுத்தால் 370 கெல்வின், 97 பாகை. மூன்று பாகை குறைவது உங்கள் தவறன்று. 25 பாகைக்குரிய எண்கள் 100 பாகைவரை மாறாமல் இருக்கும் என்று நாம் வைத்துக்கொண்டதன் விளைவு.

8. ‘தானாக’ என்பதை ‘உடனே’ என்று படிக்காதீர்கள்

சமையல் எரிவாயுத் தோம்பில் உள்ள வாயு காற்றோடு சேர்ந்து எரிவதற்குக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மிகப்பெரிய எதிர்மறை எண். இருந்தும் தீப்பொறி படும்வரை கசிந்த வாயு மணத்துக்கொண்டு நிற்கும். வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கும் −2.9 கிலோஜூல், மோதிரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். வேகம் வினை வேகவியலின் பாடம், அதை இந்த விடைத்தாளில் கலக்காதீர்கள்.

9. நேரமும் ஒப்படைப்பும்

வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் நான்கு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால் ஆறு வாரம் பிடிக்கும்: குறிகளும் சோதனையும் இரண்டு வாரம், அட்டவணைக் கணக்கு சில நாள், என்ட்ரோபிக்கும் சூழல் கணக்குக்கும் இரண்டு வாரம், மீதி கட்டிலா ஆற்றலுக்கு. சோதனைக்கு முந்தின இரவில் ஆறாவது படியைப் படிக்க முயன்றால் ஒன்றும் ஏறாது, பட்டுச் சொல்கிறேன்.

பரிசோதனை அறிக்கையோடு நான்கு தாள்களை இணையுங்கள்: சோதனை நேரத்தில் மையால் எழுதிய அளவீட்டுப் பக்கம், பின்னோக்கி நீட்டிய கோடு தெரியும் வரைபடம், அலகுகளோடு கணக்கு, எண்களை எடுத்த அட்டவணையின் நகல். என் முதல் அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. அளவீட்டுப் பக்கத்தில் நீர் சிந்தி மை கலைந்திருந்ததால், அழகாக இருக்கட்டும் என்று வேறு தாளில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். விரிவுரையாளர் கேட்டது அந்த நீர்பட்ட பக்கத்தைத்தான். நல்ல வேளையாகக் குறிப்பேடு தைத்ததாக இருந்ததால் அதைக் கிழித்துப் போட்டிருக்கவில்லை.